முப்பது நாட்களுக்குள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறைமேல் இருக்கும் கோணல் எழுத்தைப் பார்த்து யாரோ பள்ளிப் பிள்ளை எழுதியது என்று நினைத்திருப்பாய். நான்தான். நான் சொல்லச் சொல்ல வேறு ஒருவர் எழுதியதும் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் என் கையால் போட்டது. இதுவரை எழுதியதற்கே ஒரு முழுக் காலைப்பொழுது போய்விட்டது. போகட்டும், எனக்கென்ன அவசரம்?

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அந்த வெளிநாட்டுக் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வீடு வீடாகப் பொட்டலம் கொடுக்கும் வண்டியை ஓட்டுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வாய் குறையவில்லை.

ஆறு மாதமாக மாலையில் நடக்கப் போகிறேன் என்று உன்னிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? நடந்தது உண்மை. நடந்து போய் நூலகத்து மாடியில் பெரியவர்கள் வகுப்பில் உட்கார்ந்தேன். மொத்தம் பதினோரு பேர். நான்தான் வயதில் மூத்தவன், அதனால் முதல் பெஞ்சு. எழுபத்தோரு வயதில் எந்த ஆபீசில் உட்காரப் போகிறார் என்று மாடிவீட்டு அம்மாள் உன் அம்மாவிடம் கேட்டாளாம். அம்மா விடுவாளா? "உங்க வீட்டுக்காரர் இப்ப உக்காந்திருக்கற ஆபீசுலதான்" என்றாளாம். அவர் வேலையை விட்டு நின்று எட்டு வருடம் ஆகிறது.

முதல் முதலாக நான் முழுதாகப் படித்தது அம்மாவின் மருந்துப் பாட்டில். "நன்றாகக் குலுக்கிய பின் அருந்தவும்" என்று போட்டிருந்தது. மூன்று வருடமாகக் குலுக்காமல்தானே குடித்தேன், அதனால்தான் முழங்கால் இப்படி ஆயிற்று என்று அன்று முழுவதும் என்னைத் திட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டே பாட்டிலை இன்னொரு தரம் படித்தேன். அவ்வளவு சந்தோஷம் தம்பி. பேருந்தில் ஏறும்போது இனி யாரையும் கேட்பதில்லை. நம் தெருமுனைக் கடையின் பலகையில் கடைக்காரர் பெயர் எழுதியிருக்கிறது என்று இருபது வருடம் நினைத்திருந்தேன். "கடன் கேட்காதீர்" என்று இருக்கிறது.

இப்போது தினமும் நூலகத்தில் பேப்பர் படிக்கிறேன். போன வாரம் விமானத்தின் படம் போட்டு ஒரு செய்தி. படிக்க இரண்டு நாள் ஆயிற்று. விமானிகளுக்குப் பெரிய தட்டுப்பாடாம். புது விமானங்கள் வாங்கிவிட்டார்கள், ஓட்ட ஆள் இல்லை. சம்பளத்தைக் கூட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் இணை விமானி கேப்டனாகப் பத்து, பன்னிரண்டு வருடம் ஆகுமாம். இப்போது ஆறே வருடத்தில் ஆகிவிடுகிறார்களாம்.

அதைப் படித்ததும் ஹோட்டல் சலவை அறை ஞாபகம் வந்தது. அந்த நிலவறையில் இருபத்தாறு வருடம் சட்டை தேய்த்தேன். தங்க வரும் விமானிகளின் வெள்ளைச் சட்டை வரும். தோளில் இரண்டு கோடு என்றால் பயிற்சி, மூன்று என்றால் இணை விமானி, நான்கு என்றால் கேப்டன். எழுத்து தெரியாதவன் படித்த படிப்பு அது. ஒருநாள் ஒரு கேப்டன் பட்டன் அறுந்த சட்டையோடு தானே இறங்கி வந்தார். தைத்துக் கொடுத்துவிட்டு, சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மாசச் சம்பளம்னு நெனைக்காதீங்க பெரியவரே. விமானத்தோட கதவைச் சாத்தினா மீட்டர் ஓடும், தொறந்தா நின்னுடும். நடுவுல காத்துக் கிடக்கறதெல்லாம் சும்மாதான்" என்றார். அவர் சொன்ன ஒரு மணி நேரக் கூலிக்கு நான் நானூறு சட்டை தேய்க்க வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நீ அப்போது எட்டாம் வகுப்பு. பிறகு வீட்டை விற்று உன்னைப் பறக்கப் படிக்க வைத்தோம். உனக்கு அது பிடித்திருக்கிறதா என்று உன்னை உட்கார வைத்துக் கேட்டேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

தட்டுப்பாடு என்கிறார்களே, உன்னை ஏன் கூப்பிடவில்லை என்று எனக்குப் புரியவில்லை. விமானங்கள் எல்லாம் ஓடாமல் நின்ற வருடத்தில் கம்பெனி உன்னை வீட்டுக்கு அனுப்பியபோது நீதான் எனக்கு விளக்கினாய். சேர்ந்த தேதிப்படி எல்லோருக்கும் ஒரு வரிசை எண். சம்பளம், விடுமுறை, கேப்டன் பதவி எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். வீட்டுக்கு அனுப்பும்போது வாலிலிருந்து அனுப்புவார்கள், திரும்பக் கூப்பிடும்போது முன்னாலிருந்து கூப்பிடுவார்கள். வேறு கம்பெனிக்குப் போனால் அங்கே வாலில் நிற்க வேண்டும். உன் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒட்டகத்தின் எண் இருநூற்றுப் பதின்மூன்று. (அவன் அவ்வளவு உயரமாக வளர்ந்தது என் குற்றமா? உன்னோடு விமானப் பள்ளியில் படித்தபோது நீங்கள் வைத்த பெயர்தான் எனக்கு வாயில் வருகிறது.) அவனைக் கூப்பிட்டார்கள், உன்னை விட்டுவிட்டார்கள் என்று நீ அவனோடு பேச்சையே முறித்துக்கொண்டாய். அதைப்பற்றி இப்போது வேண்டாம்.

டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். அவரவர் வீட்டுக்கு வந்த ஒரு தாளை, வேறு யார் உதவியும் இல்லாமல் படித்து வர வேண்டும். கரண்டு பில் கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். வேறு தாளும் ஒன்று இருக்கிறது. பார்ப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ இருக்கும் இடத்தில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அம்மாவும் நானும் நினைத்துக்கொண்டே இருக்கிறோம்.

உன் அப்பா

(இந்தக் கையெழுத்தைப் பார். கைநாட்டு இல்லை.)

*

அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தை வண்டியில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது, கடிதம் கிடைத்தது என்றும் வண்டியில் கூட வருபவனிடம் எல்லாம் காட்டினேன் என்றும் சொன்னாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். போனில் என்னால் முடியவில்லை. இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு பொய்யைச் சொன்னதும் அதே போனில்தான்.

நீ வெளிநாடு போய் நாலு மாதம் இருக்கும். தபால்காரர் ஒரு பதிவுத் தபால் கொண்டு வந்தார். உன் பெயருக்கு. கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். உறையின் மூலையில் நீலப் பறவை இருந்தது, உன் கம்பெனிப் பறவை. உன்னை வீட்டுக்கு அனுப்பிய கடிதமும் அதே மாதிரி உறையில்தான் வந்தது. அன்று அதைப் படித்துவிட்டு நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாய். அந்தப் பறவையைத் திரும்பவும் பார்த்ததும் உறையைக் கவிழ்த்து வைத்தேன். முன்பு வந்தது, இப்போதைக்கு வீட்டில் இரு என்ற கடிதம். இது, இனி வரவே வேண்டாம் என்ற கடிதமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்று அம்மா அன்றே சொன்னாள். யாரிடம் கொடுப்பேன்? உன்னை வீட்டுக்கு அனுப்பிய விஷயத்தை இந்தத் தெருவில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை தம்பி. மருந்துக்கடைக்காரர் கேட்டபோது, வெளிநாட்டு விமானத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றேன். இப்போது வீட்டுக்கு வந்து தேய்க்கத் துணி கொடுப்பவர்கள் எல்லோரும் என்னை பைலட்டின் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கடிதத்தை அவர்களில் யார் படித்தாலும் ஒரே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் அதைத் தேய்ப்பு மேசையின் கம்பளி விரிப்புக்கு அடியில் வைத்தேன். தாள் கசங்காமல் இருக்க நான் எதையும் அங்கேதான் வைப்பேன் என்று உனக்குத் தெரியும். நீ ஊருக்கு வரும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். வேலை பழகிவிட்டது, அறையில் நாலு பேர் சேர்ந்து சமைக்கிறோம், நான் வைத்த குழம்பை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது என்று சொல்லிச் சிரித்தாய். வேலை போன பிறகு நீ சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தரம். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாய்.

"கம்பெனிலேர்ந்து ஏதாவது வந்துதாப்பா?"

"ஒண்ணும் வரலப்பா" என்றேன்.

அடுத்த வாரமும் கேட்டாய். அதற்கு அடுத்த வாரமும் கேட்டாய். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாய். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

வீட்டுப்பாடத்துக்குக் கரண்டு பில்லில் படிக்க ஒன்றுமே இல்லை, எல்லாம் எண்தான். அதனால் போன புதன்கிழமை காலையில் விரிப்பைத் தூக்கினேன். இரண்டரை வருடமாக அதன் மேல்தான் தினமும் சூட்டோடு இஸ்திரிப் பெட்டியை ஓட்டியிருக்கிறேன். உறை பழுப்பு நிறமாகி, அப்பளம் மாதிரி முறுகிப் போயிருந்தது. எது இருந்தாலும் பழைய விஷயம், இனி என்ன செய்துவிடும் என்று துணிந்து பிரித்தேன். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் நம் எழுத்தில் இருந்தது.

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உரக்கப் படித்தேன். எனக்கு எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வரும், உனக்குத் தெரியாது. "தங்களை" என்று படித்தேன். "மீண்டும்" என்று படித்தேன். "பணியில்" என்று படித்தேன். ஒரு சொல் தடையில்லாமல் வந்தால் அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பேன். படிக்க முடிகிறதே என்ற குஷியில், என்ன படிக்கிறேன் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. "சேர்த்துக்கொள்வதில் மகிழ்ச்சி அடைகிறோம்." மகிழ்ச்சி என்பது கடினமான சொல். அதையும் ஒரே மூச்சில் படித்தேன்.

அம்மாதான் சொன்னாள், "புள்ளயத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உனக்குப் போன் போட (நம் போனில் வெளிநாட்டுக்குப் போகாதே) தெருமுனைக் கடை வரைக்கும் போய்விட்டேன். நீ உறங்கும் நேரம் என்று ஞாபகம் வந்து திரும்பி வந்தேன். மிச்சத்தையும் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். "இக்கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் வராவிடில் தங்கள் பெயர் வரிசையிலிருந்து நீக்கப்படும்." அதைப் படித்துவிட்டு மேலே தேதியைப் பார்த்தேன். தேதியைக் கடைசியில்தான் பார்த்தேன் தம்பி.

அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் சாதம் போடும்போது, "நானும்தான ஒருதரம் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டேன்" என்றாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. எழுதி வைக்கிறேன், நீ படித்துக்கொள்: அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

உன்னைக் கம்பெனி மறக்கவில்லை. உன் முறை வந்தபோது சரியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான்தான் அதை வைத்திருந்தேன்.

வகுப்புக்கு இந்த வாரம் போகவில்லை.

உன் அப்பா

*

அன்பு மகனுக்கு,

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அம்மா என்னை ஒன்றும் சொல்வதில்லை. எதிர்வீட்டில் மணி அடித்தால்கூட இரண்டு பேரும் எழுந்துவிடுகிறோம். நீ பேசாமல் இருப்பது சரிதான். உன் இடத்தில் நான் இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு காரியத்துக்குத் தேதி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இனி தேதி உள்ள எதையும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உன் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். எந்தப் பேருந்து, எந்தக் கட்டடம், எந்த மாடி என்று யாரையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் நானே படித்துக்கொண்டு போனேன். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அதை உனக்கு ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பேன்.

அங்கே ஒரு பெண் இருந்தாள். மரியாதையான பெண். முறுகிப் போன தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதில் வராததால் பெயரை எடுத்துவிட்டார்கள், விதிப்படி மறுபடி சேர்க்க முடியாது என்றாள். தப்பு என் பையனுடையது இல்லை, என்னுடையது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். தாள் கொடுத்தாள். எழுதினேன். ஆறு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை, நடுவில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். வாங்கிப் படித்துவிட்டு, "வச்சுக்கறேன் ஐயா, ஆனா இதால ஒண்ணும் மாறாது" என்றாள்.

வெளியே வந்தபோது லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டகம் நின்றிருந்தான். குனிந்துதான் என்னைப் பார்த்தான். தோளில் நான்கு கோடு. என் கண் முதலில் அங்கேதான் போயிற்று, பாழாய்ப்போன பழக்கம். போன மாதம்தான் கொடுத்தார்களாம். இருநூற்றுப் பதின்மூன்று வரைக்கும் கேப்டன் பதவி வந்திருக்கிறது என்றால், இருநூற்றுப் பன்னிரண்டுக்கு எப்போது வந்திருக்கும் என்று நீயே பார்த்துக்கொள். நான் பார்த்துவிட்டேன்.

அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தான். உனக்கு வேண்டாம், அங்கேயே நல்ல வேலை கிடைத்துவிட்டது, அதனால்தான் நீ பதில் போடவில்லை என்று இவர்கள் எல்லோரும் நினைத்தார்களாம். உன் பழைய எண்ணுக்குப் போன் செய்தானாம், அது போகவில்லை. கம்பெனி மெயில் அனுப்பியதும் கம்பெனி முகவரிக்குத்தான். உன்னை வீட்டுக்கு அனுப்பிய அன்றே அந்த மெயிலைப் பூட்டிவிட்டார்கள். வீட்டு முகவரிக்குப் போன பதிவுத் தபால் ஒன்றுதான் உன் கைக்கு வந்திருக்க வேண்டியது. பிறகு நீ, என் இடத்தைத் தட்டிப் பறித்துக்கொண்டாய் என்று அவனுக்கு ஒரு வரி அனுப்பினாயாம். அதை இன்னும் போனில் வைத்திருக்கிறான். "நான் பதிலுக்குத் திட்டி எழுதி எழுதி அழிச்சேன்பா. அவன் வேண்டாம்னுட்டுப் போயிட்டு என்னைத் திட்றானேன்னு" என்றான். இரண்டு வருடமாக நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வெறுத்ததற்கு என் மேசைதான் காரணம் என்று அவனிடம் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இனி காரியம். முன்பு வேலை பார்த்தவர்களைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். வரும் மாதம் பதினைந்தாம் தேதி கடைசி நாள். உடல் பரிசோதனை வேண்டும், விமானம் போலவே செய்து வைத்த அறையில் ஓட்டிக் காட்ட வேண்டும். நீ பறந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆவதால் அதில் கண்டிப்பாக இருப்பார்களாம். ஒட்டகம் உன்னோடு உட்கார்ந்து பழக்கித் தருகிறேன் என்கிறான். எண் புதிதாகத்தான் தருவார்கள், அறுநூறுக்கு மேல். சம்பளமும் முதலிலிருந்துதான். உனக்குப் பின்னால் வந்தவர்கள் உனக்கு முன்னால் இருப்பார்கள், ஒட்டகம் கேப்டனாக உட்கார்ந்திருக்கும் விமானத்தில் நீ பக்கத்தில் உட்கார வேண்டி வரலாம். கேப்டன் ஆக இனி ஆறு வருடமோ ஏழு வருடமோ, அப்போது உனக்கு நாற்பது தாண்டியிருக்கும். நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். முழுதும் படித்துவிட்டேன். உனக்கு மனம் இருந்தால் நிரப்பு. உனக்கு அந்த வண்டியே போதும், அந்த அறையும் நாலு பேரும் போதும் என்றால் நிரப்ப வேண்டாம். வீட்டை விற்றபோது உன்னிடம் கேட்க மறந்ததை இப்போது கேட்கிறேன்: உனக்குப் பறக்கப் பிடித்திருக்கிறதா? பிடிக்கவில்லை என்றால் அதை எழுது. நான் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். மருந்துக்கடைக்காரரிடம் முந்தாநாளே சொல்லிவிட்டேன். அவர், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். எல்லோருக்கும் அப்போதே தெரியுமாம் தம்பி.

அம்மா உனக்காகச் சொல்லச் சொன்னது: எங்கிருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. உன் காலில் ஒரு முள்ளும் தைக்கக் கூடாது.

நான் கேட்பது ஒன்றுதான். போன் வேண்டாம். என் குரலைக் கேட்க உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஒரு தாளில் எழுது. எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுது, சின்ன எழுத்தில் பக்கம் பக்கமாக எழுது. தபால்காரர் கொடுத்த உடனே, வாசலிலேயே நின்று பிரிப்பேன். மெதுவாகத்தான் படிப்பேன். ஆனால் கடைசி வரி வரைக்கும் படிப்பேன்.

உன் அப்பா